பழைய ஜீப்புக்குக் காப்பர் ரேடியேட்டரா, அலுமினியமா?

போடிமெட்டு மலைப்பாதையில் மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய மகிந்திரா எம்.எம். 540 ஒரு கட்டத்தில் ஒன்பதாவது வளைவைத் தாண்டவே மாட்டேன் என்றது. சமவெளியில் தேனி வரை போய் வந்தால் டெம்பரேச்சர் முள் அசையாது. சிக்னலில், சந்தைக் கூட்டத்தில் நின்றாலும் ஒன்றும் ஆகாது. மலை ஏறினால் மட்டும் முள் சிவப்புக்குப் போகும், மூடி வழியாகத் தண்ணீர் பீறிடும். கடைசியில் கோளாறு ரேடியேட்டரில்தான் என்று உறுதியானதும், பழைய ரேடியேட்டருக்கே புது காப்பர் கோர் (தண்ணீர் ஓடும் குழாய்கள் அடங்கிய நடுப்பகுதி) போடுவதா, புதிதாக அலுமினிய ரேடியேட்டர் வாங்குவதா என்று யோசிக்க வேண்டி வந்தது. நான் காப்பர் போட்டேன். இப்போது 14 மாதம் ஆகிறது.

ஒப்பீட்டுக்கு முன்னால் ஒன்று. கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். நான் முதலில் தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மாற்றினேன், அப்புறம் வாட்டர் பம்பை. இரண்டுமே தேவைப்படாத செலவு. வண்டி எப்போது சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் சூடானால் காற்று போதவில்லை: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஃபேனைச் சுற்றியிருக்கும் தகர உறையை யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். ஏற்றத்திலும் வேகத்திலும் சூடானால் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை: கோர் அடைத்திருக்கும், அல்லது கீழ் ஓஸ் பம்பின் உறிஞ்சலில் சப்பிப் போகும். காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல்லாகி, திறந்திருக்கும் ரேடியேட்டருக்குள் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. அந்த நிலையில் எந்த ரேடியேட்டர் போட்டும் பயனில்லை.

எனக்கு உண்மையைக் காட்டியது ஒரு சின்ன இன்ஃப்ராரெட் வெப்பமானி. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு கோரின் முகப்பில் இடமிருந்து வலமாகப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் 80 டிகிரியை ஒட்டிக் காட்டியது, இரண்டு ஓரங்களிலும் 50கூட இல்லை. ஓரத்துக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை என்று அர்த்தம். பட்டறையில் மேல் தொட்டியைப் பிரித்தபோது குழாய் வாய்களில் வெள்ளை உப்பு படிந்து கிடந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். குழாய்களுக்குள் ராடு (கம்பி) விட்டுச் சுத்தம் செய்தால் போதாதா என்று கேட்டேன். பட்டறைப் பெரியவர் குழாய்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய தகடான ஃபின்னை விரலால் தொட்டுக் காட்டினார், தூளாக உதிர்ந்தது. "தம்பி, குழாயைத் திறந்துடலாம். ஆனா சூட்டை வெளிய எடுத்துட்டுப் போறது ஃபின்னு. அது மக்கிப் போச்சே" என்றார்.

என் ஜீப்பில் இருப்பது போன்ற பூஷோ (பிரெஞ்சு நிறுவனம்) வகை டீசல் என்ஜின்களில் எரிதல் முதலில் ஒரு சிறு முன்னறையில் தொடங்குகிறது. நேரடியாகச் செலுத்தும் டீசல்களைவிட இவை தண்ணீருக்குள் கூடுதல் சூட்டைத் தள்ளும். அதனால் ரேடியேட்டர் கொஞ்சம் தளர்ந்தாலும் ஏற்றத்தில் தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி (ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் பாதை) மூடும். அதை எடுத்துவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்கு வராமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, இப்போது இரண்டும். குளிர்விக்கும் திறனை வைத்து முடிவெடுக்க முடியாது. தாமிரம் அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்பது உண்மை. ஆனால் காப்பர் ரேடியேட்டர் என்று நாம் சொல்வதில் ஃபின்தான் தாமிரம். குழாய் பித்தளை, இரண்டையும் சேர்ப்பது ஈயப் பற்று. அலுமினியத்தில் குழாய்களை அகலமாகச் செய்ய முடியும், ஃபின்னோடு இடைவெளி இல்லாமல் சேர்த்துவிடுகிறார்கள். ஆக, ஒழுங்காகச் செய்த அலுமினியம் அதே அளவு காப்பருக்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ குளிர்விக்கும். எடையும் நன்றாகக் குறையும். எனக்கு வந்த விலைகளில் பெரிய வித்தியாசம் இல்லை, பழைய கோரை எடைபோட்டுத் தாமிரத்துக்குக் கழித்துக்கொண்டதால் காப்பர் கொஞ்சம் மலிவாகவே வந்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது, ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்ற ஒரே கேள்வி. காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கு ரேடியேட்டரில் என்றைக்காவது அடிபடும். கோர் மாற்றிய சில மாதத்தில், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பாதையில், காய்ந்த கிளை ஒன்று கிரில் இடுக்கில் புகுந்து ஒரு குழாயைக் கிழித்துவிட்டது. கட்டிங் பிளேயரால் அந்தக் குழாயை ஓட்டைக்கு மேலும் கீழும் நசுக்கி மடித்தேன். உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியை முதல் பூட்டு வரை மட்டும் திருகி வைத்தேன். ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினேன். மறுநாள் போடியில் இரண்டு மணி நேரத்தில் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார்கள். உள்ளே போன ஓடைத் தண்ணீரை வடித்துக் கழுவியதோடு வேலை முடிந்தது.

அலுமினியமாக இருந்திருந்தால்? கடையில் அதிகம் கிடைப்பது அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்தது. தொட்டி விளிம்பில் கீறல் விட்டாலோ, தொட்டிக்கும் கோருக்கும் நடுவில் உள்ள ரப்பர் கசிந்தாலோ பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியதுதான். குழாயில் ஓட்டை என்றால் எபாக்சி பசை வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும், அதை நிரந்தரமாக நம்ப முடியாது. முழுவதும் அலுமினியமாகச் செய்ததை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கலாம். ஆனால் அவ்வளவு மெல்லிய குழாயில் கை தேர்ந்தவர் வைக்காவிட்டால் ஓட்டை பெரிதாகும். ஈயம் வைக்கத் தெரிந்த பட்டறை எங்கள் பக்கம் சின்ன ஊர்களிலும் இருக்கிறது. அலுமினியத்துக்கு நான் மதுரை போக வேண்டும்.

தண்ணீரும் இதே கதைதான். அலுமினியத்துக்கு அரிப்புத் தடுப்பு கலந்த கூலன்ட் எப்போதும் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றி விட்டுவிட்டால் உள்ளிருந்தே புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போடும். பழைய வண்டியில் எர்த் ஒயர் சரியில்லாமல் மின்சாரம் கூலன்ட் வழியாகப் போனால் அரிப்பு இன்னும் வேகமாகும். காப்பரிலும் உப்பு படியும், என் வண்டியே சாட்சி. ஆனால் அவசரத்துக்கு ஊற்றிய தண்ணீரை இரண்டு மூன்று நாள் தாங்கும், படிந்த உப்பை ராடு விட்டு எடுக்கவும் முடியும். இப்போது நான் பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றுகிறேன்.

காப்பர் போடுவதானால் பட்டறையில் நின்று இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஃபின் நெருக்கம். விலையைக் குறைக்க ஃபின்களுக்கு நடுவில் அதிக இடைவெளி விட்டுக் கட்டுவார்கள், பழைய கோரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, எத்தனை வரிசைக் குழாய். எனக்கு இரண்டு இருந்தது, மூன்று போட்டேன். நான்கும் போடலாம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். கோர் தடிமனாக ஆக அதே ஃபேனால் காற்றை இழுக்க முடியாமல் போகும்.

கூடவே மூடியையும் மாற்றிவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மூடி பிடித்துவைக்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு புது ரேடியேட்டரும் மலையில் கொதிக்கும்.

அலுமினியத்தைப் பற்றி நான் சொன்னதில் நேரில் பார்த்தது நண்பர் வண்டியில் ஒரு கோடை மட்டும்தான். அந்த ஒரு கோடையில் அது குறை வைக்கவில்லை, அவர் முள்ளும் மலையில் நடுவிலேயே நின்றது. காப்பரின் ஈயப் பற்று அதிர்வில் விட்டுப்போகக்கூடியது என்று அவர் சொல்வதும் சரிதான். அதனால் ரேடியேட்டர் அடியில் உள்ள ரப்பர்களையும் புதிதாக மாற்றினேன். 14 மாதத்தை வைத்து ஆயுளைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

தார்ச்சாலையிலேயே அதிகம் ஓடும் வண்டி, கூலன்ட்டைக் கெடு தவறாமல் மாற்றும் ஆள், பக்கத்தில் கோர் கட்டும் பட்டறை இல்லாத ஊர் என்றால் அலுமினியமே வாங்கிக்கொள்ளுங்கள். என்ஜினையே பெரிதாக மாற்றியிருந்தாலும் அப்படித்தான். வாங்கினாலும் பழைய ரேடியேட்டரைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். பித்தளைத் தொட்டி இரண்டும் பக்கச் சட்டமும் கையில் இருந்தால், எப்போது வேண்டுமானாலும் நடுவில் புது கோர் வைத்துக் கட்டிக்கொள்ளலாம்.