ஏற்காடு ஏறும் பழைய டர்போ காருக்கு எந்த இசியு மேம்பாடு? சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2004-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரைச் சேலத்தில் வைத்து ஓட்டி வருகிறேன். 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சிறிய கே03 டர்போ, 150 குதிரைத்திறன். இதன் திறனைக் கூட்ட விரும்புவோர் முன்னால் மூன்று வழிகள் உள்ளன: காரோடு வந்த இசியுவின் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) மென்பொருளைத் திருத்தி எழுதும் ரீமேப், சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் அமர்ந்து அளவீட்டை மாற்றிச் சொல்லும் பிக்கிபேக் பெட்டி, பழைய இசியுவை ஒதுக்கிவிட்டு முழுப் பொறுப்பையும் ஏற்கும் ஸ்டாண்டலோன். நான் ரீமேப்பைத் தேர்ந்தெடுத்தேன். சமவெளியில் மட்டும் ஓடும் கார் என்றால் வேறு முடிவுக்கும் வந்திருக்கலாம். அடிக்கடி ஏற்காடு ஏற வேண்டியிருப்பதால், அந்த மலைப்பாதையே என் தேர்வைத் தீர்மானித்தது.

அடிவாரத்திலிருந்து மேலே செல்ல 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டுகிறது. கீழே 980 மில்லிபார் அளவில் இருக்கும் காற்றழுத்தம் மேலே 850 அளவுக்கு இறங்கிவிடுகிறது. சேலத்தில் 0.8 பார் பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ சேர்ப்பது) கொடுக்க டர்போ வெளிக்காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் போதும். அதே மொத்த அழுத்தத்தை ஏற்காட்டில் கொடுக்க ஏறக்குறைய 2.1 மடங்கு அழுத்தியாக வேண்டும். அதற்காக டர்போ இன்னும் வேகமாகச் சுழல்கிறது, காற்று மேலும் சூடாகிறது. வளைவுகளில் இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்க மட்கார்டுக்குள் ஒடுங்கியிருக்கும் சிறிய இன்டர்கூலருக்குப் போதிய எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை. சித்திரை வெயிலில், சாதாரண பெட்ரோலில், இவையெல்லாம் ஒன்றுசேரும் இடத்தில்தான் நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எரிவது, தொடங்குகிறது.

எனவே எந்த மேம்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, உயரம் கூடுவது அதற்குத் தெரியுமா என்பதே. இந்தக் காரில் உள்ள போஷ் எம்.ஈ.7 வகை இசியு வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தானே அளந்து, டர்போ எத்தனை மடங்கு வரை அழுத்தலாம் என்ற வரம்பை ஓர் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிக்கிபேக் பெட்டி பூஸ்ட் அளவைக் குறைத்துச் சொல்வதால், அந்த வரம்பு பொய்யான எண்ணின் மீது செயல்பட நேர்கிறது. நண்பர் ஒருவரின் பெட்டியைச் சில வாரங்கள் பொருத்திப் பார்த்தேன். தொப்பூர் வரை நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. மலைப்பாதையின் பாதியைத் தாண்டியதும் நாக் சென்சார் நாக்கிங்கை உணர்ந்து சொல்ல, இசியு எல்லாச் சிலிண்டர்களிலும் இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்கு இழுப்பது பதிவில் தெளிவாகத் தெரிந்தது. மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. கையால் திருகி வைக்கும் பூஸ்ட் கன்ட்ரோலர் இன்னொரு வகை. அது வெளிக்காற்றை ஒப்பிட்டே இயங்குவதால் மேலே செல்லச் செல்ல மொத்த அழுத்தம் தானாகக் குறையும்; ஆனால் இக்னிஷனையும் எரிபொருளையும் அது தொடுவதே இல்லை என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரீமேப் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. அழுத்த விகித வரம்பையே உச்சத்துக்கு ஏற்றி, அதாவது இல்லாமலே ஆக்கி, அதிகக் குதிரைத்திறனைக் காட்டும் கோப்புகளும் விற்பனையில் உள்ளன. அந்த அட்டவணையைத் தொடக்கூடாது, நாக்கிங் கட்டுப்பாட்டை அப்படியே விட வேண்டும், நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்குக் கீழே முறுக்குவிசையை ஒரேயடியாக ஏற்றக்கூடாது, மூலக் கோப்பின் நகலை என்னிடம் தர வேண்டும் என்று ரீமேப் செய்யும் ட்யூனரிடம் முன்கூட்டியே சொன்னேன். திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் காட்டும் எண்ணைவிட இந்த நான்கும் எனக்கு முக்கியமாகப் பட்டன. பழைய கிளட்ச் இன்றும் வழுக்காமல் பிடிப்பதற்கு அந்த மூன்றாவது நிபந்தனையே காரணம் என்று கருதுகிறேன்.

இதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இருபது ஆண்டு பழைய என்ஜினில் வேக்கம் குழாய்கள் விரிசல் விட்டிருக்கும், மிதியை விட்டதும் மிஞ்சும் பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் சவ்வு கிழிந்திருக்கும், காற்றின் நிறையை அளக்கும் மாஃப் சென்சார் குறைத்துக் காட்டும். இவற்றைச் சரிசெய்து, காற்றுக் கசிவை அழுத்தம் ஏற்றிச் சோதித்து, இக்னிஷன் காயில்களையும் ஸ்பார்க் பிளக்குகளையும் புதிதாகப் போட்ட பிறகே நான் காரை ட்யூனரிடம் கொண்டு சென்றேன். அந்தப் பழுதுபார்ப்பிலேயே வண்டி பெரும்பாலும் இளமை திரும்பியதுபோல் ஆகிவிட்டது. சிலருக்கு அதற்கு மேல் ரீமேப் தேவைப்படாமலும் போகலாம்.

நோய் அறிய நாடி பார்ப்பதுபோல, ஸ்கோடா உள்ளிட்ட ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களைச் சோதிக்கும் வேக்-காம் மென்பொருளில் எண்ணிட்ட மூன்று அளவீட்டுத் தொகுதிகளை விடாமல் பார்க்கிறேன். 020 ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எவ்வளவு பின்வாங்குகிறது என்று காட்டும். 115 கேட்ட பூஸ்டையும் கிடைத்த பூஸ்டையும் காட்டும். 032 எரிபொருள் திருத்தத்தைக் காட்டும். இந்த 032-தான் அண்மைக் காலத்தில் அதிகம் பேசுகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இன்று விற்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கே வேண்டும். ஆகவே அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது விழுக்காடு அளவுக்குக் கூடுதல் எரிபொருளை இன்ஜெக்டர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. வெளியேறும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லேம்டா சென்சார் இதைச் சாதாரண ஓட்டத்தில் சமாளித்துவிடுகிறது. முழு மிதியில் ஏறும்போது மென்பொருளில் எழுதியிருப்பதே துணை. ஆகையால் எரிபொருள் அட்டவணையை இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ப மீண்டும் திருத்தச் செய்தேன், பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களையும் மாற்றினேன். மலை ஏறும் நாள்களில் கிடைத்தால் நாக்கிங்கை இன்னும் நன்றாகத் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல் போடுகிறேன். வெயில் நாளில் அந்த வேறுபாடு 020-இல் தெரிகிறது.

ஸ்டாண்டலோனைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டர்போவையும் இன்ஜெக்டர்களையும் பெரிதாக்கப் போகிறவருக்கு அதுவே பொருத்தமானது. ஆனால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், மீட்டர் பலகை, ஏ.பி.எஸ். ஆகியவற்றோடு பழைய இசியு வைத்திருக்கும் தொடர்பை எல்லாம் மீண்டும் கட்டமைக்க வேண்டும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆவது முதல் உயரத் திருத்தம் வரை ஒவ்வோர் அட்டவணையையும் யாரேனும் பொறுமையாக ஓட்டி ஓட்டி நிரப்பியாக வேண்டும். அதற்கான ட்யூனர் அருகில் இருந்து, மலைப்பாதையில் உடன் அமர்ந்து வரத் தயாராக இருந்தால் மட்டுமே அந்தச் செலவில் இறங்கலாம்.