விடுதியில் பிறந்த ட்ரூபல், பல்கலைக்கழகத்துக்கு ஒத்துவருமா?

கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. "நீதானேப்பா கம்ப்யூட்டர் ஆளு, வெப்சைட்டையும் பார்த்துக்கோ" என்று அலுவலகத்தில் சொன்ன ஒரு வார்த்தையில் மூன்று மாதம் போய்விட்டது.

பழைய தளத்தில் எல்லாமே கையால் எழுதிய பக்கங்கள். ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தால் துறைப் பக்கம், பாடத்திட்டக் குழு, விடுதிக் காப்பாளர் பட்டியல் என்று ஏழு இடத்தில் மாற்ற வேண்டும். ஆறில் மாற்றி ஒன்றை விட்டால், அவர் கண்ணில் படுவது அந்த ஒன்றுதான்.

முதலில் வேர்ட்பிரஸ் போட்டுப் பார்த்தேன். இணையதளம் அமைக்க உதவும் மென்பொருள் அது. அரை மணி நேரத்தில் தளம் தயாராகிவிட்டது. ஒரு துறைக்கு மட்டும் என்றால் அதுவே போதும், அலைய வேண்டாம். எனக்கு இருந்தது இருபது துறை. அதனால் அதே வேலையைச் செய்யும் இன்னொரு இலவச மென்பொருளான ட்ரூபலுக்கு வந்தேன்.

இதில் 'ஆசிரியர்' என்று ஓர் உள்ளடக்க வகையை உருவாக்கி, பெயர், பதவி, துறை, படம் என்று கட்டங்கள் வைத்துக்கொள்ளலாம். 'வியூஸ்' என்ற வசதி அதிலிருந்து பட்டியல்களைத் தானே எடுத்துக்கொள்ளும். போன மாதம் ஒரு மேடம் இணைப் பேராசிரியர் ஆனார். ஒரு கட்டத்தில் மாற்றிச் சேமித்தேன், ஏழு இடத்திலும் மாறியிருந்தது. இதற்காகவே ட்ரூபலுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் முதல் வாரம் அழ வைக்கும். கம்போசர் என்ற நிறுவும் கருவி கொண்டு கட்டளை வரியில் நிறுவுவதுதான் சரியான வழி. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) இல்லாத மலிவு ஹோஸ்டிங்கில் பாடுதான். ட்ரூபல் 11-க்கு, அது எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி-யின் 8.3 பதிப்பு வேண்டும். ஒருநாள் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் டெம்ப்ளேட்டை எவ்வளவு திருத்தியும் பக்கம் அசையவே இல்லை. கேஷை, அதாவது தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, அழிக்க மறந்திருக்கிறேன்; இரண்டு மணி நேரம் போச்சு. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டி ட்ரூபல் 7-க்கானது என்றால் உடனே மூடிவிடுங்கள். அதற்கான ஆதரவு 2025 ஜனவரியோடு முடிந்தது, உள்ளமைப்பும் வேறு.

ஒரே சுற்றறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைக்கும் வசதி கூடவே வருகிறது, தனியாக எதுவும் தேட வேண்டாம். அலுவலகத்தில் பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதற்கு ட்ரூபல் என்ன செய்யும்? எல்லாக் கணினியிலும் தமிழ் சரியாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். பெரிய பாடத்திட்ட பிடிஎஃப் ஏறாவிட்டால் பிஎச்பி அமைப்பைப் பாருங்கள், கோப்பு வரம்பு இயல்பாக 2 எம்பிதான்.

இன்னொன்று: ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவர் ட்ரீஸ் பாய்டார்ட் விடுதி நண்பர்களுக்காக எழுதிய செய்திப் பலகைதான், 2001-இல் ட்ரூபலாக எல்லோருக்கும் இலவசமாக வந்தது. நம் அறிவிப்புப் பலகைக்கு ஒருவகையில் சொந்தம்தான்.

துறை ஊழியர்கள் எழுதலாம், வெளியிடுவது அலுவலகம் பார்த்த பிறகுதான் என்று பிரித்துவைத்திருக்கிறேன். தேர்வுப் பிரிவு அக்கா மட்டும் தினமும் கேட்கிறார்: "தம்பி, அந்த வெளியிடுற பட்டன் எனக்கு மட்டும் ஏன் வரல?"