வாட்டர் ஏரோபிக்ஸா, நீச்சலா, நடையா? மொத்தக் குடும்பமும் சேர்ந்து செய்ய எது சரிப்படும்?

பாட்டிக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குத் தொப்பை, பிள்ளைக்கோ ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க முடியாது. இந்த மூவரையும் ஒரே நேரத்தில் ஒரே பயிற்சிக்கு அழைத்துப் போவதென்றால் முதலில் நினைவுக்கு வருவது நடை, அடுத்து நீச்சல். வாட்டர் ஏரோபிக்ஸ், அதாவது தண்ணீருக்குள் நின்றபடி கைகால்களை வீசிச் செய்யும் பயிற்சி, பலருக்குக் கடைசியாகத்தான் தோன்றும். தனியாளுக்கு மூன்றும் நல்லவைதான். சேர்ந்து செய்ய வேண்டும் என்றால்தான் சிக்கல்.

நடைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். ஆனால் பத்தாவது நிமிடத்தில் பிள்ளை முன்னால் ஓடிவிடும், பாட்டி பின்னால் எங்காவது உட்கார இடம் தேடுவார், நடுவில் இருப்பவர் இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடப்பார். யாருக்குமே உருப்படியான பயிற்சி கிடைக்காது. போதாக்குறைக்கு, சாதாரண நடையிலேயே முழங்கால் மூட்டில் விழும் சுமை உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வலியோடு இருப்பவருக்கு அது லேசான விஷயமல்ல.

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீச்சல் கொடுக்கும் வேலையை மற்ற இரண்டும் அவ்வளவு சுலபமாகக் கொடுக்காது. ஆனால் முதலில் நீந்தத் தெரிய வேண்டுமே! அறுபது வயதில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு பழகுவது எல்லோருக்கும் கைகூடாது. தெரிந்தவர்களும் ஆளுக்கொரு பக்கமாக நீந்திக்கொண்டிருப்பார்கள், பேச்சுக்கே இடமில்லை. ஒரே குளத்தில் இருப்பதைச் சேர்ந்து செய்வது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாட்டர் ஏரோபிக்ஸில் எனக்குப் பிடித்ததே அங்கே வேகத்துக்கு நடக்கும் கணக்குதான். தண்ணீரின் அடர்த்தி காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு. கையை இரு மடங்கு வேகமாக வீசினால் தண்ணீர் ஏறத்தாழ நான்கு மடங்கு எதிர்த்துத் தள்ளும். ஆக, ஒரே பாட்டு, ஒரே அசைவு, பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பாட்டி மெதுவாக வீசினால் அவருக்கு அளவான பயிற்சி, அப்பா வேகமாக வீசினால் அவருக்கு மூச்சு வாங்கும். யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் உடலின் எடை பாதியாகத் தெரியும். மார்பளவுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு சுமைதான் காலில் இறங்கும். தரையில் படியேறத் தயங்குபவர்கூட அங்கே முழங்காலை மடக்கி உயர்த்துவார். கால் இடறினாலும் தண்ணீர் தாங்கிக்கொள்ளும் என்பதால் விழும் பயமும் குறைவு.

நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். மார்பளவு தண்ணீரில் அதே உழைப்புக்குத் துடிப்பு தரையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. அப்புறம், நனைந்திருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. கரையில் ஒரு பாட்டில் குடிநீர் இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. முதல் குறை ஆழம். பாட்டிக்கு மார்பளவு என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது முகத்தளவு வந்துவிடும். காற்றடித்த கைவளையங்களை மாட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பது ஆபத்து. அவை விளையாட்டுச் சாமான்தான், உயிர்காப்பு அல்ல. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, சத்தமே வராது. கையெட்டும் தூரத்தில் ஒருவர் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அப்படியானால் அவருக்கு அன்று பயிற்சி இல்லை. முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எலும்பு. மூட்டைக் காப்பாற்றும் அந்த மிதப்பே எலும்புக்குக் கிடைக்க வேண்டிய சுமையையும் பறித்துவிடுகிறது. எலும்பு வலுப்பட நடை, படியேறுதல் போன்றவைதான் மேல். குளத்தின் சூட்டையும் பாருங்கள்: நீச்சல் போட்டிக்கு வைக்கும் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் தண்ணீர், மெதுவாக அசையும் முதியவருக்குக் குளிரும். ஒல்லியான பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம் உதடு நடுங்கும். வலிப்பு நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆறாத புண் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எங்கள் வீடாக இருந்தால், வாரத்தில் இரண்டு நாள் எல்லோரும் தண்ணீரில், மற்ற நாட்களில் அவரவர் வேகத்தில் நடை என்று பிரிப்பேன். பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்பதால் அதன் ஓட்டமும் விளையாட்டும் தனியாக நடக்கட்டும். நீச்சலையும் அதற்குத் தனியாகக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும், இதில் ஒப்பீடே கிடையாது. பணம் கட்டும் முன் ஒருநாள் குளத்தைப் போய்ப் பாருங்கள். ஆழம் படிப்படியாக இறங்குகிறதா, பாட்டி பிடித்து இறங்கக் கைப்பிடி உள்ள படி இருக்கிறதா? செங்குத்து ஏணி மட்டும்தான் என்றால் வேறு குளம் தேடுங்கள். இறங்குவதைவிட, களைத்த காலோடு அதில் ஏறி வருவதுதான் கஷ்டம்.