ஆளில்லாமல் கிடக்கும் டொமைன்: நேரே கேட்பதா, தரகரா, காத்திருப்பா, புகாரா?

சின்னச் சொல், நல்ல பெயர், .காம். திறந்து பார்த்தால் விளம்பர இணைப்புகள் மட்டும் நிறைந்த பார்க்கிங் பக்கம், அல்லது பல வருடமாக யாரும் தொடாத ஒற்றைப் பக்கம், அல்லது வெறும் வெள்ளைத் திரை. இப்படிப்பட்ட பெயரைக் கைக்குக் கொண்டுவர நான்கு வழிகள் உண்டு: உரிமையாளரிடம் நேரே கேட்பது, தரகரை விட்டுக் கேட்பது, காலாவதியாகும்வரை காத்திருந்து பிடிப்பது, வணிக முத்திரையை வைத்துப் புகார் கொடுப்பது. நான் தேர்ந்தெடுத்தது முதல் வழி, என் சாய்வும் அதன் பக்கம்தான். இங்கே சொல்பவை .காம், .நெட் போன்ற பொது விகுதிகளுக்குப் பொருந்தும். நாட்டு விகுதிகளுக்கு விதிகள் தனித்தனி, அவற்றை அந்தந்தப் பதிவகத்தின் (விகுதியை நிர்வகிக்கும் அமைப்பின்) பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

புகார்

டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க யுடிஆர்பி என்ற விதிமுறை 1999 முதல் இருக்கிறது. அதில் ஜெயிக்க மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் உங்கள் முத்திரையோடு ஒன்றாகவோ குழப்பும் அளவுக்கு ஒத்தோ இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் தீய நோக்கோடு பதிந்தார், தீய நோக்கோடு பயன்படுத்தவும் செய்கிறார். உங்கள் முத்திரை பிறப்பதற்கு முன்பே அவர் பதிந்திருந்தால் மூன்றாவது பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். பக்கம் காலியாகக் கிடப்பது மட்டும் குற்றமில்லை. இந்தப் புகார்களை விசாரிக்கும் வைப்போ (உலக அறிவுசார் சொத்துரிமை) அமைப்பில் ஒரே நடுவர், ஐந்து பெயர்கள் வரை என்றால் கட்டணம் 1,500 டாலர், வக்கீல் செலவு தனி. விலை படியாத கோபத்தில் புகார் போட்டால், பெயரைப் பறிக்கும் முயற்சி என்று தீர்ப்பிலேயே எழுதிவிடக்கூடும்.

நிசான் மோட்டார் 1999-ல் நிசான்.காம் பெயருக்காக நீதிமன்றமே போனது. கணினித் தொழில் நடத்திய ஒருவர் தன் குடும்பப் பெயரில் அதை 1994-லேயே பதிந்திருந்தார். பல வருட வழக்குக்குப் பிறகும் பெயர் அவரிடமே நின்றது. உங்கள் முத்திரையை அப்பட்டமாகத் திருடி வைத்திருக்கிறார்கள் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

காத்திருப்பு

செலவு குறைவு என்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது. கணக்கு இப்படி: காலாவதியான நாளிலிருந்து 45 நாள் வரை பழைய உரிமையாளர் வழக்கமான முறையில் புதுப்பிக்கலாம் (இந்த அளவு, பெயரைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது). பிறகு 30 நாள் மீட்புக் காலம், கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாள் நீக்கத்துக்கான காத்திருப்பு. ஆக, அதிகபட்சம் 80 நாள் கழித்துத்தான் பெயர் உண்மையில் கீழே விழும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. காலாவதித் தேதி தாண்டியதும் .காம் பதிவகம் தன் ஏட்டில் தானாகவே ஒரு வருடம் கூட்டிவிடும். அதைப் பார்த்து, புதுப்பித்துவிட்டார் என்று நினைத்துக் கைவிடுகிறார்கள். ரெஜிஸ்ட்ராரின் சொந்தப் பதிவில் பழைய தேதியே நின்றால், பெயர் இன்னும் சலுகைக் காலத்தில்தான் இருக்கிறது என்று பொருள்.

ஆனால் மதிப்புள்ள பெயர் அந்த 80-வது நாளைப் பார்ப்பதே அபூர்வம். அதற்கு முன்பே பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் தங்கள் கூட்டாளி ஏலத் தளத்தில் அதை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். எனவே கண்ட இடத்தில் பேக்ஆர்டர் (பெயர் விடுபட்டால் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் முன்பதிவு) போடுவதைவிட, அந்தப் பெயர் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, அவர் எந்த ஏலத் தளத்துக்கு அனுப்புகிறார் என்று பார்த்து அங்கே போடுவதுதான் பயன் தரும். தப்பித் தவறிக் கீழே விழுந்தாலும், நிறைய ரெஜிஸ்ட்ரார் உரிமங்களை வைத்துக்கொண்டு விழும் நொடியில் கோரிக்கைகளைக் குவிக்கும் சேவைகளோடு கையால் போட்டி போட முடியாது. பெரும்பாலான பேக்ஆர்டர் சேவைகள் பிடித்துக் கொடுத்தால்தான் பணம் எடுக்கும். ஆகவே இதை ஒரு துணை ஏற்பாடாக வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. இதை மட்டுமே நம்பினால், .காம் பெயரை ஒரே தடவையில் 10 வருடம் வரை புதுப்பித்து வைக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

தரகர்

தரகரின் முக்கியப் பயன், வாங்குவது யார் என்று தெரியாமல் பேச முடிவது. கேட்பவரின் பெயர் பெரிதாக இருந்தால் விலையும் பெரிதாகும். டெஸ்லா நிறுவனம் டெஸ்லாமோட்டார்ஸ்.காம் என்ற முகவரியிலேயே பல வருடம் ஓட்டி, 2016-ல்தான் டெஸ்லா.காமுக்கு மாறியது. அதை வாங்கப் பத்து வருடத்துக்கு மேலும் 1.1 கோடி டாலரும் ஆனதாக ஈலான் மஸ்க் பின்னர் சொன்னார். அந்த அளவு இல்லாவிட்டாலும், உங்கள் நிறுவனத்தைத் தேடினால் முதலீடு வாங்கிய செய்தி வரும் என்றால் தரகர் வைப்பது நியாயம்.

கமிஷன் பொதுவாக 10 முதல் 20 சதவீதம், பல இடங்களில் குறைந்தபட்சத் தொகையும் முன்பணமும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை இரண்டு: இதே பெயருக்கு விற்பவர் பக்கமும் அவர் வேலை செய்கிறாரா, நீங்களே நேரடியாக முடித்தாலும் கமிஷன் உண்டா. உங்கள் உச்சவரம்பு முழுவதையும் முதல் நாளே அவரிடம் சொல்லாதீர்கள். தரகர் பெரும்பாலும் தொகையைத்தான் பேசுவார். ஆனால் பல பேரங்கள் முறிவது தொகையால் அல்ல.

நேரே கேட்பது

வெறுமையாகத் தெரியும் டொமைன் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதில்லை. பக்கம் இல்லை, ஆனால் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு வழிகளில் எது சரி என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான் என்பது என் உறுதியான கருத்து.

பார்ப்பது எளிது. டிஎன்எஸ் (பெயரை சர்வர்களோடு இணைக்கும் இணையப் பதிவேடு) விவரங்களைக் காட்டும் டிக் கட்டளையில் அந்தப் பெயரின் எம்எக்ஸ் பதிவை, அதாவது அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவைக் கேளுங்கள். கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ சுட்டினால், யாரோ மாதாமாதம் பணம் கட்டி அஞ்சல் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் புள்ளி மட்டும் இருந்தால், இந்த டொமைன் அஞ்சல் ஏற்பதில்லை என்ற அறிவிப்பு அது. டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவில் எஸ்பிஎஃப் வரி (இந்தப் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்) இருக்கிறதா பாருங்கள். டிமார்க் பதிவில் (போலி அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) அறிக்கை பெறும் முகவரி இருக்கலாம், சில நேரம் அதுவே உயிருள்ள தொடர்பு முகவரி. இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களின் பொதுப் பதிவேடுகளில் தேடினால் மெயில், விபிஎன் என்று துணைப்பெயர்கள் வெளியே வரும்.

இருபது வருடமாக ஒரு குடும்பமோ சிறு அலுவலகமோ அந்த முகவரியைப் பயன்படுத்தினால், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் மீட்பு, வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் அதில் கட்டப்பட்டிருக்கும். அவருக்கு நீங்கள் சொல்லும் தொகை பிடிக்காமல் இல்லை. அத்தனை இடங்களில் முகவரி மாற்றும் வேலையும், நாளை தன் கடிதங்கள் உங்கள் கைக்கு வரும் என்ற பயமும்தான் அவரைத் தடுக்கின்றன. தொகையை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பயம் போகாது.

போக்கும் வழி தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. இணையப் பக்கத்துக்கான ஏ பதிவும் அஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவும் வேறு வேறு. பெயர் உங்களுக்கு மாறிய அன்றே உங்கள் பக்கத்தை ஏற்றலாம், எம்எக்ஸ் மட்டும் அவருடைய அஞ்சல் சேவையையே சுட்டிக்கொண்டிருக்கும். அவருக்கு அன்றாடத்தில் எதுவும் மாறாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கெடு வைத்து, அதற்குள் அவர் நிதானமாக மாறிக்கொள்ளலாம்.

இதைச் செய்யும்போது பிசகும் இடங்கள் உண்டு. நேம்சர்வரை (இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை) மாற்றும் முன்பே புதிய இடத்தில் எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் (கடிதத்தின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது), டிமார்க், ஆட்டோடிஸ்கவர் (அஞ்சல் செயலி தானாக அமைய உதவுவது) பதிவுகளை அப்படியே நகலெடுத்துவிட வேண்டும். டிகிம் விடுபட்டால் அவர் அனுப்பும் கடிதங்கள் ஸ்பேமுக்குப் போகக்கூடும், அவருக்குக் காரணமும் புரியாது. பழைய டிஎன்எஸ்ஸில் டிஎன்எஸ்செக் (பதிவுகள் போலியல்ல என்று காட்டும் கையொப்பம்) இயக்கத்தில் இருந்தால் ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள அதன் டிஎஸ் பதிவை முதலில் நீக்கி, அந்தப் பதிவின் ஆயுள் முடியும்வரை காத்திருந்து மாற்றுங்கள், இல்லையேல் பக்கமும் அஞ்சலும் சேர்ந்தே நின்றுபோகும். பதிவுகளின் டிடிஎல் அளவை (பிற சர்வர்கள் அவற்றை நினைவில் வைக்கும் நேரத்தை) இரண்டு நாள் முன்பே 300 விநாடிக்கு இறக்கிவிட்டால், தவறு நேர்ந்தாலும் சீக்கிரம் திருத்தலாம்.

எம்எக்ஸை விட்டுவைப்பதற்குப் பதிலாக ஃபார்வர்ட் செய்து தருகிறேன் என்று சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை. ஃபார்வர்டில் எஸ்பிஎஃப் உடையும், கடிதம் உங்கள் சர்வர் வழியாகப் போகும், பழைய முகவரியிலிருந்து அவரால் அனுப்பவும் முடியாது. அவருடைய பயம் அப்படியே இருக்கும்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, அந்தக் கெடு முடியும்வரை அந்தப் பெயரில் உங்கள் சொந்த அஞ்சலைத் தொடங்க முடியாது என்பது. உங்கள் பழைய டொமைனிலோ துணைப்பெயரிலோ அதை ஓட்டிக்கொள்ளலாம். கெடு முடிந்ததும் அவர் தன் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து டொமைனை நீக்க வேண்டும். அவர் நீக்காமல் அதே சேவையில் உங்கள் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. எந்தத் தேதிக்குள் நீக்குவார் என்பதையும், அவர் பெயருக்கு வரும் கடிதங்களைப் படிக்கவோ அவருடைய கணக்குகளை மீட்கப் பயன்படுத்தவோ மாட்டீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இந்த ஏற்பாடு மற்ற வழிகளில் கிடைக்காது. ஏலத்திலோ விழும்போதோ பிடித்த பெயருக்கு முன்பின் தெரியாதவரின் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். எந்த முகவரிக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் கேட்ச்-ஆல் பெட்டி திறக்காமல் இருப்பதுதான் அங்கே நேர்மை. புகாரில் ஜெயித்தால் எதிராளி ஒத்துழைக்கப் போவதில்லை. தரகரிடம் இதை நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் பேசுவார்.

ஆளைக் கண்டுபிடிப்பது முன்புபோல எளிதில்லை. 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உரிமையாளர் விவரங்கள் பெரும்பாலும் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிட்டன. 2025 ஜனவரி முதல் பொது விகுதிகளுக்கு, பதிவு விவரம் பார்க்கும் பழைய ஹூயிஸுக்குப் பதில் ஆர்டாப்தான் அதிகாரபூர்வ வழி, அதிலும் பெயர் பெரும்பாலும் மூடியே இருக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கத்தின் தொடர்புப் பகுதி, பழைய ஹூயிஸ் பதிவுகளைச் சேமித்து வைத்த சேவைகள், கடைசியாக ரெஜிஸ்ட்ராரின் தொடர்புப் படிவம், இந்த வரிசையில் போங்கள்.

முதல் கடிதம் ஐந்தாறு வரி போதும். தலைப்பில் டொமைன் பெயர், உங்கள் உண்மையான பெயர், வாங்க விருப்பம், அஞ்சலைத் தொடர ஏற்பாடு செய்வேன் என்ற ஒரு வாக்கியம். “நீங்கள் பயன்படுத்தவில்லையே” என்று எழுதாதீர்கள், அது அவரைச் சீண்டும். விலைக்கு, டொமைன் விற்பனைகளைத் தொகுக்கும் நேம்பயோ தளத்தில் அதே நீளம், அதே விகுதி, அதே துறையில் நடந்த விற்பனைகளைப் பாருங்கள். தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகளின் எண்ணை வைத்துப் பேரம் பேச முடியாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. காலாவதிக்கு ஓரிரு மாதமே இருந்து, அனுப்பிய கடிதம் சேராமல் திரும்பியும் வந்திருந்தால் மட்டும் பேசாமல் பேக்ஆர்டர் போட்டுவிட்டு இருங்கள். அந்த நேரத்தில் வேறு வழியில் தட்டினால் உரிமையாளர் விழித்துக்கொண்டு புதுப்பித்துவிடுவார்.

விலை படிந்தபின் பணம் எஸ்க்ரோ (இரு தரப்புக்கும் நடுவில் பணத்தை வைத்திருக்கும் சேவை) வழியாகத்தான். அதற்கு முன் திருட்டுப் பெயரா என்று பாருங்கள்: பல வருடம் ஒரே இடத்தில் இருந்த பெயர் சில வாரம் முன்பு திடீரென ரெஜிஸ்ட்ரார் மாறியிருந்தால், பழைய உரிமையாளரிடம் தனியாக உறுதி செய்யாமல் நகராதீர்கள். ஸ்பேம் அனுப்பும் பெயர்களைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் தடைப்பட்டியலையும் வேபேக்கில் சூதாட்டப் பக்கமாக ஓடிய காலம் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் கணக்கு விட்டுக் கணக்கு தள்ளுவதுதான் வேகமானது. வேறு ரெஜிஸ்ட்ராருக்கு என்றால் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு வாங்க வேண்டும், ஐந்து நாள் வரை ஆகும், மாற்றியபின் 60 நாள் பூட்டும் விழலாம். பெயர் உங்கள் கணக்கில் தெரிந்து, நேம்சர்வரை மாற்ற முடிகிறது என்று பார்த்தபின்தான் எஸ்க்ரோவில் பணத்தை விடுவியுங்கள். அன்றே ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பும் தானியங்கிப் புதுப்பிப்பும் போட்டுவிட்டு, விற்றவருக்கு உங்கள் பக்கமிருந்து ஒரு சோதனைக் கடிதம் அனுப்புங்கள். அது அவருக்குப் போய்ச் சேர்ந்து, அவருடைய பதில் உங்கள் பெட்டியில் ஸ்பேமுக்குள் விழாமல் வந்தால் மாற்றம் சரியாக நடந்திருக்கிறது.