வீட்டுப் பக்கம் வாட்டம் சாய்ந்த நடைபாதை: உடைப்பதா, மேலே போடுவதா, வடிகால் வெட்டுவதா?

வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள கான்கிரீட் நடைபாதை வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தால், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் சுவரடியில் தேங்கி, உள்ளே ஓதம் ஏறிப் பெயிண்ட் உப்பி உதிரத் தொடங்கும். வழி எதுவானாலும், தளம் ஏன் சாய்ந்தது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அஸ்திவாரக் குழியை மூடிய மண் சரியாகத் திமிசு போட்டு இறுக்கப்படாமல் பின்னாளில் அமுங்கியிருந்தால், சுவரோரம் கம்பியால் தட்டும்போது பொள்ளலான ஓசை கேட்கும்.

பலரும் முதலில் நாடுவது பழைய தளத்தின் மேலேயே புதிய கான்கிரீட் போடுவதைத்தான். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 900 மி.மீ. அகலமுள்ள பாதை வீட்டை நோக்கி 20 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். 50-க்கு 1 என்ற வாட்டத்தை எதிர்ப்பக்கம் கொடுக்க 18 மி.மீ. தேவை, ஆக, சுவரோரம் 38 மி.மீ. உயர வேண்டும். மதிலோரத்தில் கனத்தைப் பூச்சியமாக முடித்தால் அந்த விளிம்பு விரைவிலேயே வெடித்துப் பெயரும் என்பதால், அங்கே 40 மி.மீ. கனமாவது கொடுக்க, சுவரோரம் ஏறத்தாழ 80 மி.மீ. ஆகிவிடும். அந்த உயரத்திலும் தளம் சுவரின் ஓதத் தடுப்பு அடுக்குக்கு (மண்ணின் ஈரம் மேலேறாமல் இருக்கச் சுவரின் அடிப்பகுதியில் போடுவது) 150 மி.மீ. கீழே நிற்குமானால், பழைய தளம் உறுதியாகவும் இருந்தால், இதைத் தாராளமாகச் செய்யலாம். சாலை உயர உயர நடைபாதையையும் உயர்த்திக்கொண்டே வந்த வீடுகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் மிஞ்சியிருக்காது.

சுவரோரம் வடிகால் வெட்டுவதை நான் கடைசியாகவே வைப்பேன். வெளியே தள்ள வேண்டிய தண்ணீரை அது அஸ்திவாரத்தின் அருகிலேயே ஓட விடுகிறது. சருகு அடைத்தாலோ விரிசல் கண்டாலோ பழைய நிலைதான். அடியில் சம்ப்போ செப்டிக் டேங்கோ இருந்து, தளத்தை உடைக்க முடியாத இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

மண் அமுங்கியிருந்தால் உடைத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே எவ்வளவு கான்கிரீட் ஏற்றினாலும் அந்தப் பாரத்தில் மண் மேலும் இறங்கும். இடிபாட்டை அகற்றும் கூலியும், அடியில் போகும் குழாய்கள் உடையும் அபாயமும் உண்டு என்றாலும், மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கி, 100 மி.மீ. கனத்தில் எம்20 என்ற வலிமைத் தரக் கான்கிரீட் போட்டு, சுவரை ஒட்டிய இணைப்பை நீர் புகாதபடி அடைத்து, குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் நீராற்றினால் குறையின் வேரே நீங்குகிறது. அகலவாட்டத்தோடு தெருவை நோக்கி நீளவாட்டமும் தேவை. இல்லாவிட்டால் தண்ணீர் மதிலடியில் தேங்கும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே இரண்டு வாட்டத்தையும் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, நூல் கட்டிச் சரிபார்த்துவிட வேண்டும்.