கிளிநொச்சியில் டைமிங் பெல்ட் வாங்க நம்பிப் போகக்கூடிய கடை

டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) வைத்திருக்கிற வன்னி ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியோடு ஒட்டி ஒரு சின்ன பார்ட்ஸ் கடை இருக்கிறது. ஜப்பான் வான், பிக்கப் சாமான்கள்தான் அங்கே அதிகம். டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், ஆயில் கசியாமல் அடைக்கிற சீல் வாங்குவதென்றால் வவுனியாவுக்கோ கொழும்பு பஞ்சிகாவத்தைக்கோ போக முதல் இங்கே ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். விலை குறைவென்று சொல்லவில்லை. சாமானைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வடிவாகப் பார்க்க விடுகிறார்கள். பில்லில் பார்ட் நம்பரையும் எந்தக் கொம்பனி செய்தது என்பதையும் எழுதித் தருகிறார்கள். இந்த இரண்டையும் செய்கிற கடை எங்கள் பக்கம் குறைவு.

என்னுடையது எல்எச்113, 3எல் எஞ்சின், 2.8 லீற்றர் டீசல். ஒட்டுசுட்டானில் பள்ளிக்கூட ஓட்டம், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோவது, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா என்று வருசம் முழுக்க ஓடுகிற வான். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்கிலிருந்து ஓட்டம் எடுத்து, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் சாப்டோடு டீசல் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. பெல்ட் ஒரு பல் தாண்டினாலே ஸ்டார்ட் எடுப்பது கஷ்டம், புகை வரும், இழுவை போய்விடும். அறுந்தால் அதோடு நிற்காது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையில் இடமே இல்லை. திறந்து நிற்கிற வால்வில் போய் இடிக்கும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் சேர்ந்து போகும். பெல்ட்டில் காசு மிச்சம் பிடிக்கப் போய் ஹெட் கழற்றினவர்கள் மாங்குளத்திலும் இருக்கிறார்கள், புதுக்குடியிருப்பிலும் இருக்கிறார்கள்.

100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்று என்பது டொயோட்டாவின் கணக்கு. அந்த நேரம் டாஷ்போர்ட்டில் டி-பெல்ட் லைட் எரியும். ஆனால் கைமாறிக் கைமாறி வந்த பழைய வானில் மீற்றரை நம்பி இருக்க முடியாது. அதோடு எங்கள் குளத்துக் கிராமங்களின் கிரவல் பாதையில் போய்வருகிற வண்டிக்குப் புழுதியும் வெக்கையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நான் லைட் எரியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வான் வாங்கினவுடன் மாற்றி, அன்றைய திகதியையும் மீற்றரையும் எழுதி வைப்பதுதான் சரி.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் பழைய வானை வைத்தே எல்லோரும் சமாளித்தோம். சாமானுக்கு அடிபிடி வந்ததும் டூப் சாமான், அதாவது அசல் மாதிரிச் செய்த போலி, எங்கும் பரவிவிட்டது. இந்தக் கடைக்குப் போகத் தொடங்க முதல் வேறொரு ஊர்க் கடையில் டென்ஷனர் ஒன்று வாங்கியிருந்தேன். பெட்டி அசல் டொயோட்டா மாதிரியே இருந்தது, சிவப்பு வெள்ளையில் பார்கோட் எல்லாம் சரி. கொஞ்சக் காலத்தில் காலமை ஸ்டார்ட் பண்ணும்போது முன்பக்கம் கீச்சென்று சத்தம். கவரைக் கழற்றிப் பார்த்தால் பெயரிங் ஆடுகிறது, கிரீஸ் வெளியே வழிந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வானுக்கு அப்படி ஒரு சாமானை அசல் என்று சொல்லி விற்க எப்படி மனம் வந்தது என்று இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. திருப்பிக் கொண்டுபோனால் பில்லில் "டென்ஷனர் 1" என்று மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து என்னத்தைக் கதைப்பது?

கரடிப்போக்குக் கடை அண்ணை முதலில் கேட்டது சேஸி நம்பரை. எஞ்சின் 3எல் என்று சொன்னால் போதாது, வான் செய்த ஆண்டும் மாதமும் வேண்டும் என்றார். கம்பியூட்டரில் பார்த்து நம்பரை எடுத்தார். டொயோட்டா நம்பரில் முன் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும். 13568 என்று தொடங்கினால் டைமிங் பெல்ட், 13505 என்றால் டென்ஷனர், 90311 என்றால் ஆயில் சீல். பெல்ட்டிலும் டென்ஷனரிலும் பின் ஐந்து இலக்கம்தான் எந்த எஞ்சினுக்கு என்பதைக் காட்டும், சீலில் அது அளவைக் காட்டும். பெட்டி லேபிளில் இந்தப் பத்தும் உங்கள் வானுக்குரிய நம்பரோடு ஒத்துப்போக வேண்டும்.

பிறகு மேசையில் ஒரு கடதாசியை விரித்து, என் பழைய டென்ஷனரையும் புதிதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, பெட்டியைப் பாக்காதை, இரும்பைப் பார்" என்றார். புதிய பெயரிங்கின் பக்கத்தில் கோயோ என்ற பெயரும் நம்பரும் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி வெட்டியிருந்தது. அதை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். மெதுவாக, கனமாக, சத்தமே இல்லாமல் சுற்றி உடனே நின்றது. பிறகு யாரோ திருப்பிக் கொடுத்த டூப் ஒன்றை லாச்சியிலிருந்து எடுத்துச் சுண்டினார். அது சர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே கிரீஸ் போதாது, அதனால்தான் அவ்வளவு இலேசாகச் சுற்றுகிறது என்று விளங்கப்படுத்தினார். பார்க்கிறவனுக்கு நன்றாகச் சுற்றுவதுதான் நல்ல சாமான் என்று தோன்றும். காதுக்குக் கிட்டப் பிடித்தால் உள்ளே கரகரப்பும் கேட்டது.

பெல்ட்டிலும் அப்படித்தான். முதுகில் உள்ள எழுத்து ஒரே சீராக, ஓரம் மங்காமல் இருக்க வேண்டும். ஈரப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் டூப்பில் மை கையோடு வரும். பல்லின் மேல் ஒட்டியிருக்கிற துணி இடைவெளியில்லாமல் படிந்திருக்க வேண்டும். வெட்டின ஓரத்தில் நூல் தொங்கக்கூடாது. ஆனால் பெல்ட்டை மடித்துப் பார்க்க அவர் விடமாட்டார், அது நியாயம். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. ஒருக்கால் மடிந்தால் வெளியே தெரியாமலே முறிந்துவிடும். கொக்கியில் நெருக்கி மாட்டி வைத்திருக்கிற கடையில் பெல்ட் வாங்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. டொயோட்டா பெட்டியில் வருகிற பெல்ட்டுகளை பாண்டோ, மிட்சுபோஷி, யூனிட்டா போன்ற கொம்பனிகள்தான் செய்து கொடுக்கின்றன. அந்தக் கொம்பனிகளின் சொந்தப் பெட்டியில் வருவதும் நல்ல சாமான், விலையும் இறங்கும். அண்ணை இதை ஒளிக்காமல் சொல்லி இரண்டையும் மேசையில் வைத்தார். நான் பெல்ட்டை டொயோட்டா பெட்டியிலும், சீல்களை என்ஓகே பெட்டியிலும் எடுத்தேன். மொத்தத் தொகை டூப் செட்டின் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. கிராங்க் சீலையும் கேம் சீலையும் மாற்றாமல் புது பெல்ட் போடுவதில் பிரயோசனமில்லை. ஆயில் பட்டால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் ஊறிப்போகும். இதையும் அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. எல்லாச் சாமானும் கையிருப்பில் இல்லை. என் டென்ஷனர் ஸ்பிரிங் கொழும்பிலிருந்து வரும்வரை வான் கராஜில் நின்றது. கார்ட் எடுக்கமாட்டார்கள், காசுதான். முன்னால் வான் நிறுத்த இடமில்லை, வீதியோரம் லொறிகள் நிற்கும், கவனம். பூட்டித் தருவதும் இல்லை, அதற்கு உங்கள் மெக்கானிக் பாஸிடம்தான் போக வேண்டும். யார் பூட்டினாலும், பெல்ட் போட்ட பிறகு கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கேம், பம்ப், கிராங்க் மூன்றின் குறியும் திரும்ப நேரே வருகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அது முடியாமல் சாவி போட விடாதீர்கள்.

போகும்போது கழற்றின பழைய சாமானைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள். சேஸி நம்பரை போனில் படம் எடுத்து வைத்திருங்கள். காலமையில் போனால் அண்ணை ஆறுதலாகக் கதைப்பார். ஞாயிறு பூட்டு.