டிசைன் ஃபைலைத் திறக்காமலே விசாரிப்பது: எட்டு வருடப் பழக்கம்

திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட் இருக்கிறது. பனியன் கம்பெனிகளிலிருந்து வெட்டிய பீஸ் கட்டுக்கட்டாக வரும். டிசைன் ஃபைல் பென் டிரைவிலோ செல்போனிலோ வந்து சேரும். நெஞ்சில் லோகோவோ கையில் பேட்ஜோ போட்டுத் திருப்பி அனுப்புவோம். கூலி ஆயிரம் ஸ்டிச்சுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. அதனால் எங்கள் தொழிலில் துணிக்கு அடுத்தபடி முக்கியமான சரக்கு ஃபைல்தான். அந்த ஃபைல்களைப் பற்றி லினக்ஸிடமும் விண்டோஸிடமும் கட்டளை அடித்துக் கேட்டுத் தெரிந்துகொள்வதை எட்டு வருடமாகச் செய்துவருகிறேன். எது கைகொடுத்தது, எது ஏமாற்றியது என்பதை எழுதிவைக்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது, வேறு சொல்லாத இடத்திலெல்லாம், ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

ஆரம்பித்தது ஒரு நஷ்டத்தில். ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும், அதிலிருந்த டிசைன்களையெல்லாம் "சிபி -ஆர்" கொடுத்து லினக்ஸ் லேப்டாப்புக்கு மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ரிப்பீட் ஆர்டர் வந்தது. அந்த லோகோ முதலில் 8 சென்டிமீட்டர் அகலம், பிறகு பையர் சொல்லி 7.5 ஆகக் குறைத்திருந்தோம். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்களில் இரண்டு ஃபைல். தேதி எதில் பிந்தியிருக்கிறதோ அதுதான் திருத்தியது என்று எடுத்து மெஷினில் ஏற்றினேன். 420 பீஸ் ஓடி முடிந்த பிறகுதான் செக்கிங்கில் இருந்த அக்கா அளவு டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது எட்டு வருதுங்களே" என்றார். சிங்கிள் ஜெர்சித் துணியில் எம்ப்ராய்டரியைப் பிரித்தால் ஓட்டை விழும். அத்தனை பீஸுக்கும் நாங்கள்தான் ஈடு கட்டினோம்.

காரணம் என்னவென்று அன்று இரவு தேடினேன். "சிபி" கட்டளை வேறெதுவும் சொல்லாவிட்டால் ஃபைலின் பழைய தேதியை எடுத்துவராது. காப்பி ஆன நேரத்தையே திருத்திய நேரமாக எழுதிவிடும். பழைய ஃபோல்டர் கடைசியில் காப்பி ஆனதால் பழைய ஃபைல் புதியதாக நின்றிருக்கிறது. "சிபி -பி" ("சிபி"யில் வரும் அதே பி) என்றோ "ஆர்சிங்க் -ஏ" என்றோ கொடுத்திருந்தால் தேதி அப்படியே வந்திருக்கும். அன்றிலிருந்து காப்பிக்கு இவை இரண்டையும் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

அப்புறம்தான் "ஸ்டாட்" கட்டளையை ஒழுங்காகப் படித்தேன். ஒரு ஃபைலுக்கு நான்கு நேரம் காட்டும்: ஆக்சஸ், மாடிஃபை, சேஞ்ச், பர்த். மாடிஃபை என்பது உள்ளே இருக்கும் தரவு மாறிய நேரம். சேஞ்ச் என்பதை உருவான நேரம் என்று நானும் பல நாள் நினைத்திருந்தேன், அது தவறு. பெயர், அனுமதி, உரிமையாளர் போன்ற விவரங்கள் மாறினாலும் அந்த நேரம் நகரும். பர்த் என்பது இந்த டிஸ்கில் இந்த ஃபைல் பிறந்த நேரம், டிசைன் பிறந்த நேரம் அல்ல. "ஸ்டாட்" போன்ற அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பில், 2019-ல் வந்த 8.31-க்கு முந்தைய பதிப்புகளில் அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும். ஆக்சஸ் நேரத்தைப் பார்த்து "யாரோ நேற்றுத் திறந்திருக்கிறார்கள்" என்று முடிவு கட்டக் கூடாது. 2009-ல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து லினக்ஸ் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதைப் புதுப்பிப்பதில்லை.

விண்டோஸில் "டிர்" காட்டுவது கடைசியாக எழுதிய நேரம். "டிர் /டி:சி" (டைம் என்பதன் டி) கொடுத்தால் உருவான நேரம் வரும். அங்கே காப்பி செய்தால் எழுதிய நேரம் அப்படியே இருக்கும், உருவான நேரம் மட்டும் புதிதாகும். ஆகவே உருவான நேரம் எழுதிய நேரத்துக்குப் பிந்தியிருந்தால், அது அனேகமாக எங்கிருந்தோ காப்பி ஆகி வந்த ஃபைல். இது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. செல்போனில் வரும் ஃபைலுக்கோ இறங்கிய நேரமே தேதியாக நிற்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

தேதி போகட்டும். என்னை இந்தக் கட்டளைகளோடு கட்டிப்போட்டது டிஎஸ்டி ஃபைல்தான். தஜிமா மெஷினுக்கென்று வந்து, இன்று அனேகமாக எல்லா எம்ப்ராய்டரி மெஷினும் படிக்கும் வடிவம் அது. முதல் 512 பைட் தலைப்பு. அதற்குப் பிறகு ஊசியின் ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று பைட். அவ்வளவுதான் அமைப்பு. "எல்எஸ் -எல்" அடித்தால் அளவு பைட்டில் வரும். 36,512 என்று வந்தால் 512-ஐக் கழித்து மூன்றால் வகுக்க வேண்டும், 12,000. தாவல்களும் கலர் மாற்றங்களும் இதில் சேர்ந்துவிடும் என்பதால் உண்மையான ஸ்டிச் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனாலும் பார்ட்டி போனில் "என்ன ரேட்டு வருமுங்க?" என்று கேட்கும்போது சாஃப்ட்வேர் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கணக்கைச் சொல்லிவிடலாம்.

தலைப்பு இன்னும் நல்ல விஷயம். அது சாதாரண எழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெருந்துறையில் இன்ஜினியரிங் படித்த என் சித்தப்பா மகன் ஒருநாள் யூனிட்டுக்கு வந்தவன், "ஏங்ணா, பேரப் பாத்து நம்புறீங்களே, உள்ளாற என்ன இருக்குதுன்னு அதுகிட்டயே கேளுங்" என்று "ஸ்ட்ரிங்ஸ்" கட்டளையை அடித்துக் காட்டினான். லேபிள், ஸ்டிச் எண்ணிக்கை, கலர் மாற்றங்களின் எண்ணிக்கை, நான்கு பக்கமும் டிசைன் எவ்வளவு தூரம் போகிறது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக இருக்கும். ப்ளஸ் எக்ஸ் 375, மைனஸ் எக்ஸ் 375 என்றால் கூட்டினால் 750, அதாவது 75 மில்லிமீட்டர், 7.5 சென்டிமீட்டர். அந்த 420 பீஸ் போவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் போதும். விடை அந்த ஃபைலுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

"ஹெட் -சி 125" கொடுத்தும் பார்க்கலாம். ஆனால் தலைப்பில் வரிகளைப் பிரிப்பது கேரேஜ் ரிட்டர்ன் என்ற குறி என்பதால், திரையில் எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழப்பும். "ஸ்ட்ரிங்ஸ்" அந்தத் தொல்லை இல்லாமல் தனித்தனி வரியாகத் தருகிறது. உங்கள் லினக்ஸில் அது இல்லையென்றால் பைன்யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவினால் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கலர் மாற்றம் 2 என்றால் நூல் 3 கலர். எந்தக் கலர் என்பது டிஎஸ்டியில் இருக்காது. அதற்கு பார்ட்டி கொடுக்கும் கலர் சார்ட்தான் கதி.

"ஃபைல்" என்றே ஒரு கட்டளை இருக்கிறது. 1973-லேயே யூனிக்ஸில் இருந்தது. எக்ஸ்டென்ஷனைப் பார்க்காமல் உள்ளே தொடக்கத்தில் இருக்கும் பைட்டுகளைப் பார்த்து இது என்ன வகை என்று சொல்லும். பஞ்சிங் போட, அதாவது ஸ்டிச் டிசைனாக மாற்ற, வரும் லோகோப் படங்களுக்கு இது மிகவும் தேவை. ஜேபெக் என்று பெயர் வைத்து அனுப்பியது பாதி நேரம் வெப்பி படமாக இருக்கும், பஞ்சிங் சாஃப்ட்வேர் திறக்க மாட்டேன் என்று நிற்கும். எக்ஸ்டென்ஷன் என்பது கழுத்தில் தைத்த லேபிள் மாதிரி. துணி காட்டனா பாலியஸ்டரா என்று அறிய லேபிளை மட்டும் நம்பி யாரும் பேல் வாங்க மாட்டோம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்காக ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதை எனக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை. ஒருமுறை ஒரே ஃபோல்டரில் "கோவை" என்று இரண்டு ஃபைல் நின்றன. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் ஒரே இடத்தில் இருக்கவே முடியாது. எழுத்தும் ஒன்று, ஸ்பேஸ் எதுவும் இல்லை. "எல்எஸ் -பி" (இந்த பி ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து) கட்டளைக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் "எல்சி அண்டர்ஸ்கோர் ஆல்", அதன் மதிப்பாக "சி" என்று கொடுத்து அடித்தால், தமிழ் எழுத்துக்குப் பதில் ஒவ்வொரு பைட்டும் எண்ணாகத் தெரியும். அப்போதுதான் விளங்கியது. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் ஒரு கோவைக்கு 12 பைட், இன்னொரு கோவைக்கு 15. இரண்டாவது ஒரு டிசைனரின் பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அதிலிருந்த எச்எஃப்எஸ் ப்ளஸ் முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். தேடலில் "கோவை" அடித்தால் ஒன்றுதான் கிடைக்கும், மற்றது ஒளிந்துகொள்ளும். ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று ஓகாரமோ ஒகரமோ உள்ள நம் ஊர்ப் பெயர் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு என்பதால் தமிழில் 85 குறிக்கு மேல் வைக்கவும் முடியாது. நான் டிசைன் ஃபைலுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைக்கிறேன், தமிழ்ப் பெயரை நோட்டில் எழுதுகிறேன். தமிழில் பெயர் வைக்கத்தான் ஆசை. தொழிலில் இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. "எல்எஸ் -எல்" ஆறு மாதத்துக்கு முந்தைய ஃபைலுக்கு மணியை விட்டுவிட்டு வருடத்தைக் காட்டும், முழு நேரமும் வேண்டுமென்றால் "ஃபுல்-டைம்" என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஃபைல் டிஸ்கில் பிடிக்கும் இடத்தைக் காட்டும் "டியூ" சொல்லும் அளவு பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், டிஸ்கில் 4,096 பைட் கட்டங்களாக இடம் ஒதுக்குவதால் அப்படி. மெஷினுக்குப் போகும் பென் டிரைவ் ஃபேட்32. அதில் திருத்திய நேரம் இரண்டு விநாடிக் கணக்கில்தான் பதிவாகும், அதனால் ஒரு விநாடி வித்தியாசத்தைக் கண்டு பதற வேண்டாம். இறுதியான டிசைன்களை "சிஎச்மாட்" போட்டு எழுத முடியாதபடி பூட்டிவைக்கிறேன்.

இன்று நான் முழுதாக நம்புவது "ஷா256சம்" ஒன்றைத்தான். ஃபைலுக்குள் இருக்கும் பைட்டுகளைக் கொண்டு கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டுத் தரும் கட்டளை அது. விண்டோஸில் "சர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்" கொடுத்து, கடைசியில் ஷா256 என்று சேர்த்தால் அதே எண் கிடைக்கும். பெயர், தேதி, ஃபோல்டர் எது மாறினாலும் அது மாறாது, ஒரு ஸ்டிச் நகர்ந்தாலும் மொத்தமும் மாறிவிடும். பையர் ஓகே சொன்ன சாம்பிள் எந்த ஃபைலில் ஓடியதோ அதன் முதல் எட்டு எழுத்தை ஆர்டர் நோட்டில் எழுதுகிறோம், பக்கத்தில் ஸ்டிச் எண்ணிக்கையும் அகலமும். ரிப்பீட் வந்தால் ஆபரேட்டர் தம்பி லேப்டாப்பில் பார்த்து எட்டு எழுத்தையும் சத்தமாக வாசிப்பான். செக்கிங் அக்கா நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்ப்பார். அவர் "சரிங் கண்ணு, ஓட்டு" என்று சொன்ன பிறகுதான் மெஷின் ஓடும்.